சத்தம் வராத ஹார்ட் டிஸ்க்

அடாப்டர் மாற்றிச் சொருகிய ஹார்ட் டிஸ்க்கை யாராவது கடைக்குக் கொண்டுவந்தால், முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: "இப்போது ஏதாவது சத்தம் வருகிறதா?" ஒன்றுமே வரவில்லை, செத்துப்போய்க் கிடக்கிறது என்று முகம் வாடச் சொன்னால் எனக்குப் பாதிக் கவலை குறைந்துவிடும். ஓடுகிறது, ஆனால் டக் டக் என்று அடிக்கிறது என்றால்தான் பயம். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அசைவே இல்லாததைவிட கொஞ்சமாவது அசைவது மேல் என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஹார்ட் டிஸ்க் விஷயத்தில், அதுவும் கரண்ட் மாறிப்போன ஹார்ட் டிஸ்க் விஷயத்தில், அந்தக் கணக்கு செல்லாது.

தருமபுரி நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி எல்லாம் பார்ப்பேன். அடாப்டர் மாறி எரிந்த சாமான்கள் மாதத்துக்கு ஒன்றாவது வரும். பெரும்பாலும் ரௌட்டர், செட்டாப் பாக்ஸ். அதெல்லாம் போனால் போகிறது, புதிதாக வாங்கிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் அப்படியில்லை. பெட்டியின் விலை சில ஆயிரம். உள்ளே இருப்பதற்கு விலை கிடையாது.

இங்கே சொல்லப்போவது அரூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ் ஐயாவின் டிஸ்க் பற்றி. பணி ஓய்வு பெற்றவர். டிஜிட்டல் கேமரா வந்த காலத்திலிருந்து நடுகற்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் நடுகல் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது, வேடியப்பன் என்றால் தெரியும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை வட்டாரங்களில் ஏரிக்கரையிலும் சோளக்காட்டு ஓரத்திலும் வில்லோடும் வாளோடும் நிற்கும் வீரன் கல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய் பூசுவார்கள், மஞ்சள் பூசுவார்கள், சில ஊரில் திருவிழாவுக்குப் பெயின்டே அடித்துவிடுவார்கள். பெயின்ட் ஏறிய பிறகு கல்லில் வெட்டியிருக்கும் பழைய வட்டெழுத்தைப் படிக்க முடியாது. பெயின்ட் ஏறுவதற்கு முன்னால் எடுத்த படங்கள் ஐயாவின் 4 டெராபைட் டிஸ்க்கில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

அது மேஜைமேல் நிற்க வைக்கிற பெரிய வகை. உள்ளே மூன்றரை அங்குல டிஸ்க். சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற சின்ன டிஸ்க் யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும். பெரியதற்கு மோட்டாரைச் சுற்ற 12 வோல்ட் தனியாக வேண்டும். அதனால்தான் அதற்கென்று ஒரு அடாப்டர் கொடுக்கிறார்கள். விடுமுறைக்கு வந்திருந்த பேரன் தாத்தாவுக்கு உதவி செய்கிறேன் என்று மேஜைக்கடியில் கிடந்த லேப்டாப் அடாப்டரை எடுத்துச் சொருகிவிட்டான். 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பின் சரியாகப் பொருந்தியது. பெட்டியின் விளக்கு ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணைந்தது. அப்புறம் சரியான அடாப்டரைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அடாப்டரில் இருக்கும் பச்சை விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது, அடாப்டருக்குள்ளிருந்து டிக் டிக் என்று மெல்லிய சத்தம். டிஸ்க்கில் ஒரு சலனமும் இல்லை.

ஐயா இதைச் சொல்லும்போது பேரனைக் குறை சொல்லவே இல்லை. "ரெண்டும் கறுப்பு, ரெண்டுக்கும் ஒரே மாதிரி மூக்கு. நானே மாத்திப் போட்டிருப்பேன் தம்பி" என்றார். நியாயம்தான். இந்த வட்டப் பின்னின் வெளி விட்டம் பெரும்பாலான சாமான்களில் 5.5 மில்லிமீட்டர். உள்துளை மட்டும் 2.1 அல்லது 2.5 மில்லிமீட்டர் என்று மாறும். 2.5 துளை உள்ள லேப்டாப் பின் 2.1 சாக்கெட்டில் தாராளமாக இறங்கும். கொஞ்சம் லொடலொடவென்று ஆடும், ஆனாலும் கரண்ட் போகும். வோல்ட் மாறினால் பின்னும் மாறவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தாததால் வருகிற வினை இது.

அந்த மினுக்கலும் டிக் டிக்கும்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தன. அடாப்டர் கரண்ட் கொடுக்கப் பார்க்கிறது, எதிரே ஷார்ட் இருப்பதைக் கண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்துகிறது, மறுபடியும் கொடுத்துப் பார்க்கிறது. ஆக, 12 வோல்ட் வழியில் எங்கோ நேரடி ஷார்ட். அந்த ஷார்ட் எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் இருக்கும் பச்சை போர்டில், பவர் சாக்கெட்டுக்குப் பின்னாலேயே இரண்டு கறுப்புச் சில்லுகள் இருக்கும். டிவிஎஸ் டையோடு என்று பெயர். ஒன்று 12 வோல்ட் வழிக்கு, இன்னொன்று 5 வோல்ட் வழிக்கு. சாதாரணமாக இவை ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். வோல்டேஜ் எல்லையைத் தாண்டினால் மட்டும் வாயைத் திறந்து அதிகப்படியை கிரவுண்டுக்கு இறக்கிவிடும். ஏரி நிரம்பிக் கரை உடையாமல் இருக்க உபரித் தண்ணீர் கோடி வழியாக வழிந்து போகிறதே, அந்த வேலை. 12 வோல்ட்டுக்கென்று பரவலாகப் பயன்படும் எஸ்எம்பிஜே12ஏ என்ற வகையை எடுத்துக்கொண்டால், 13.3 வோல்ட்டுக்கு மேல் அது திறக்க ஆரம்பிக்கும். ஆனால் அது மில்லிசெகண்ட் கணக்கில் வந்து போகும் அதிர்ச்சிகளுக்காகச் செய்தது. 65 வாட் லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட்டை நிறுத்தாமல் தள்ளினால் அது சூடேறிச் செத்துவிடும். நம் அதிர்ஷ்டம், பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். ஷார்ட் ஆனவுடன் அதைத் தாண்டி உள்ளே எதுவும் போகாது. மோட்டாரை ஓட்டும் ஐசி, கன்ட்ரோலர், உள்ளே தட்டுகளுக்கு மேல் நின்று டேட்டாவைப் படிக்கும் ஹெட், எல்லாம் தப்பிக்கும். டிஸ்க் பிணமாகக் கிடப்பதற்குக் காரணம், காவல்காரன் வாசலிலேயே விழுந்து வழியை மறித்துவிட்டது.

டக் டக் என்று அடிக்கும் டிஸ்க்கில் கதை வேறு. அங்கே மோட்டார் சுற்றுகிறது, ஹெட் தட்டுக்கு மேலே போகிறது, ஆனால் படிக்க முடியாமல் திரும்பித் திரும்பி முட்டுகிறது. சேதம் மூடிக்குள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதை என் மேஜையில் சரிசெய்ய முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். இந்த வகைப் பெட்டிகளில் வெளியே ஸ்க்ரூ இருக்காது, பிளாஸ்டிக் கொக்கிகள்தான். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு நெம்பினால் திறக்கும். உள்ளே டிஸ்க்கும், அதன் சாட்டா வாயில் (டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாக்கெட்) மாட்டிய ஒரு சின்ன போர்டும் இருக்கும். யூஎஸ்பியைச் சாட்டாவாக மாற்றுவது இந்தச் சின்ன போர்டு. அடாப்டரின் 12 வோல்ட்டை அப்படியே டிஸ்க்குக்குக் கொடுத்துவிட்டு, அதிலிருந்தே 5 வோல்ட்டையும் இறக்கிக் கொடுப்பது இதன் வேலை. ஐயாவின் பெட்டியில் அந்த 5 வோல்ட் இறக்கும் ஐசி கொப்புளம் விட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ஐசி சாகும்போது சில சமயம் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு, வந்த வோல்டேஜை அப்படியே 5 வோல்ட் வழிக்குள் அனுப்பிவிடும். 5 வோல்ட் வழிதான் கன்ட்ரோலருக்கும், மூடிக்குள்ளே ஹெட்டை ஒட்டி இருந்து அதன் சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்புக்கும் உயிர். 12 வோல்ட் வழி கெட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 5 வோல்ட் வழிக்குள் 19 போயிருந்தால் கதை அநேகமாக முடிந்தது.

எனவே எதிலும் கரண்ட் கொடுக்கவில்லை. டிஸ்க்கைத் தனியாக எடுத்து மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, பவர் சாக்கெட்டின் 15 தகடுகளை அளந்தேன். டேட்டா சாக்கெட்டை ஒட்டிய பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். முதல் மூன்று 3.3 வோல்ட், 4 முதல் 6 வரை கிரவுண்டு, 7 முதல் 9 வரை 5 வோல்ட், 10, 12 மறுபடி கிரவுண்டு (நடுவில் உள்ள 11 வேறு வேலைக்கு), கடைசி மூன்று 12 வோல்ட். கிரவுண்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவில் ஒரு ஓம்கூட இல்லை, முழு ஷார்ட். கிரவுண்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் நல்ல அளவு காட்டியது. நல்ல அளவு என்றால் எவ்வளவு என்று கேட்காதீர்கள், டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும். நான் எப்போதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த நல்ல டிஸ்க் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் அளந்து பார்ப்பேன். மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுப்பதைவிட ஒப்பிட்டு முடிவெடுப்பது நல்லது.

அடிப்பக்க போர்டைக் கழற்ற நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவர் வேண்டும், டி6 அல்லது டி8. இங்கே ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கின் மேல்மூடியிலும் அதே மாதிரி ஸ்க்ரூக்கள் இருக்கும், ஒன்று லேபிளுக்கு அடியில் ஒளிந்தும் இருக்கும். அந்தப் பக்கம் கையே வைக்காதீர்கள். ஐயாவின் ஊர்க்காரர் ஒருவர், மூடியைத் திறந்து தட்டுகளை எடுத்து வேறு டிஸ்க்கில் மாட்டினால் வந்துவிடும் என்று யோசனை சொல்லியிருக்கிறார். நல்லவேளை, ஐயா அதைக் கேட்கவில்லை. தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள வெளி ஒரு தூசியைவிடப் பல மடங்கு குறைவு. நம் ஊர்க் காற்றில் மூடியைத் திறந்தால் உள்ளே விழுகிற தூசியே பிறகு தட்டைக் கீறும்.

போர்டைக் கழற்றித் திருப்பினால் 12 வோல்ட் டையோடு கண்ணுக்கே தெரிந்தது. ஓரத்தில் சின்ன விரிசல், மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாசனை. அதன் இரண்டு முனைகளுக்கு நடுவில் அளந்தால் அதே ஷார்ட். பக்கத்தில் இருந்த 5 வோல்ட் டையோடு நன்றாக இருந்தது.

இதைக் கட்டரால் வெட்டியே எடுத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள், செய்தும் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. வெட்டும்போது கொடுக்கும் இழுப்பில் போர்டில் உள்ள செப்புப் பட்டை பிய்ந்து வந்துவிட்டால், ஒரு வேலை இரண்டு வேலையாகும். சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு பக்கமும் தாராளமாக ஈயம் ஏற்றி, மாற்றி மாற்றிச் சூடுகாட்டினால் தானாக நகரும். எடுத்தவுடன் மறுபடி அளந்தேன். ஷார்ட் போய்விட்டது.

அளவு சரியாகிவிட்டது என்பதற்காக உடனே டிஸ்க்கில் மாட்டிவிடவில்லை. போர்டை மட்டும் தனியாக வைத்து, 12 வோல்ட் வரும் வழியில் ஒரு கார் இண்டிகேட்டர் பல்பைத் தொடராகப் போட்டுச் சோதித்தேன். 12 வோல்ட், 21 வாட் பல்பு. உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், போர்டு தப்பிக்கும். பல்பு எரியவில்லை என்றால் பெரிய ஷார்ட் இல்லை. வண்டி வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் கற்றுக்கொண்ட வித்தை இது. போர்டு தனியாக இருக்கும்போது மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். மோட்டார் கிளம்பும்போது 2 ஆம்பியர் வரைகூட இழுக்கும், நடுவில் பல்பு இருந்தால் அது எழும்பவே எழும்பாது. பல்பு எரியவில்லை. ஐசிகளைத் தொட்டுப் பார்த்தேன், எதுவும் சுடவில்லை.

போர்டின் அடியில் மோட்டாரையும் ஹெட்டையும் தொடும் இடங்கள் கறுத்திருந்தன. கரண்ட் மாறியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயதானால் வருவது. பள்ளிக்கூடத்து வெள்ளை ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். கையோடு கையாகச் செய்துவிட வேண்டிய வேலை. பிறகு போர்டை மாட்டி, கடையின் டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) இணைத்தேன். இப்போது 12 வோல்ட் வழியில் காவல் இல்லை. அதனால் கண்ட அடாப்டரையும் பயன்படுத்தக்கூடாது, எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் எழும்பிச் சீராகச் சுற்றியது, ஹெட் ஒரே ஒரு தட்டு தட்டி இறங்கியது. ஐயா ஸ்டூலை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஒருவேளை அப்படியும் சுற்றவில்லை என்றால், 3.3 வோல்ட் தகடுகளைப் பாருங்கள். பிந்தைய வருடங்களில் வந்த சில வெளிப்பெட்டி டிஸ்க்குகளில் மூன்றாவது தகட்டுக்கு 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்து இரு' என்று பொருள். எஸ்எம்பிஎஸ் அந்த வோல்டேஜைக் கொடுக்கும், டிஸ்க் சாதுவாக அணைந்தே கிடக்கும். அந்தத் தகட்டில் காப்டான் (Kapton) என்ற, கரண்ட் கடத்தாத டேப்பை ஒட்டினால் போதும். இது தெரியாமல் நல்ல டிஸ்க்கைச் செத்ததாக எழுதிவைத்தவர்கள் உண்டு.

சுற்றிவிட்டது, இனி படங்கள் தெரியும் என்றுதான் ஐயா நினைத்தார். தெரியவில்லை. லினக்ஸ் பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தால், 4 டெராபைட் டிஸ்க்கில் ஏறக்குறைய 500 ஜிபிக்கு ஒரே ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி), அதுவும் திறக்க மறுத்தது. விண்டோஸில் மாட்டியிருந்தால் 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கேட்டிருக்கும். பதறிப்போய் ஆம் என்று அழுத்துபவர்கள் இந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் தொலைக்கிறார்கள்.

காரணம் எளிது. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பழைய விண்டோஸிலும் ஓடவைக்க, சில வெளிப்பெட்டிகளின் சின்ன போர்டு ஒரு தந்திரம் செய்தது. டிஸ்க் 512 பைட் துண்டுகளாகக் காட்டுவதை, எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட் துண்டுகளாகக் கணினிக்குக் காட்டியது. பார்ட்டிஷன் கணக்கெல்லாம் அந்தப் பெரிய துண்டிலேயே எழுதப்பட்டிருக்கும். சின்ன போர்டு இல்லாமல் நேரடியாக மாட்டும்போது கணினி அதே எண்களைச் சின்னத் துண்டாக எண்ணுகிறது. எட்டில் ஒரு பங்கு, அதனால்தான் 500 ஜிபி. டேட்டா அத்தனையும் அங்கேயேதான் இருக்கிறது, அளவுகோல்தான் மாறிவிட்டது.

அதைச் சரிசெய்வதற்கு முன்னால் முழுப் பிரதி எடுக்க வேண்டும். கோப்புகளைத் திறந்து பார்த்து ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவது இந்த நிலையில் ஆபத்து. முதல் செக்டாரிலிருந்து (மேலே சொன்ன துண்டுக்குப் பெயர் செக்டார்) கடைசிவரை அப்படியே நகலெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். எதுவரை படித்தது, எங்கே படிக்க முடியவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல நிலையில் உள்ள 4 டெராபைட்டுக்குச் சாட்டாவில் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 2 வழியாக எடுத்தால் ஒரு நாளைத் தாண்டிவிடும். எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கடை யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. டிஸ்க்குக்கு நேராக ஒரு மேஜை விசிறி.

பிரதி முழுசாக வந்தது. பிறகு லினக்ஸில் அந்தப் பிரதியை 4096 பைட் துண்டுகளாக எண்ணச் சொல்லி இணைத்தேன். ஒரு கோப்பையே டிஸ்க் போலக் காட்டும் லூப் டிவைஸில் செக்டார் அளவைக் குறிப்பிட வழி இருக்கிறது. உடனே பார்ட்டிஷன் முழு அளவில் திறந்தது. ஊர் வாரியாக, வருட வாரியாக ஃபோல்டர்கள். ஐயா ஒரு படத்தைத் திறக்கச் சொன்னார். இடது கையில் வில், வலது கையில் வாள் ஏந்திய ஒரு வீரன், மேலே நான்கு வரி எழுத்து. "இந்தக் கல்லுக்கு இப்ப பச்சைப் பெயின்ட் அடிச்சுட்டாங்க தம்பி. எழுத்து இருக்குறதே தெரியாது" என்றார். எனக்கு அந்த எழுத்தில் ஒன்றும் புரியவில்லை. அவர் வாய்விட்டுப் படித்தார்.

எல்லா டிஸ்க்கும் இப்படி முடிவதில்லை. கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் கொண்டுவந்த டிஸ்க்கும் கரண்ட் மாறியதுதான், ஆனால் அடாப்டரால் அல்ல. கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எம்பிஎஸ் மாற்றியவர், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் கேபிளை அப்படியே விட்டுவிட்டார். எஸ்எம்பிஎஸ் பக்கம் சாக்கெட் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் வழிக்குள் 12 வோல்ட் போய்விட்டது. போர்டில் கருகல். அதே எண்ணுள்ள போர்டைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் தேடிப்பிடித்து வந்தார்.

'அதே மாடல் போர்டு மாற்றினால் ஓடும்' என்பது பழைய காலத்து டிஸ்க்குகளுக்குச் சரி. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கும் தயாராகும்போது அதன் ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்ற அளவுகளை ஒரு எட்டுக்கால் ரோம் (ROM) சில்லில் எழுதி போர்டிலேயே வைத்துவிடுகிறார்கள். மாற்றுப் போர்டு வைக்கும்போது பழைய போர்டிலிருந்து அந்தச் சில்லைக் கழற்றிப் புதியதில் ஒட்ட வேண்டும். சில போர்டுகளில் அந்த இடம் காலியாக இருக்கும். தகவல் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும், அப்போது வேலை இன்னும் கடினம். இவருடையதில் சில்லு தனியாக இருந்தது. மாற்றினேன். மோட்டார் சுற்றியது, உடனே டக் டக். ப்ரீஆம்ப் போயிருந்தது. அத்தோடு நிறுத்தி, தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெகவரி இடத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று ஓடவிட்டுப் பார்ப்பதுதான் இந்த நிலையில் பெரிய கேடு.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் வகையில் பல மாடல்களில், பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் யூஎஸ்பி போர்டு டேட்டாவைக் குறியாக்கம் செய்தே தட்டில் எழுதும். டிஸ்க்கை நேரடியாகப் படித்தால் குப்பை எழுத்துதான் வரும். ஆகவே பெட்டியைப் பிரித்ததும் எரிந்துபோன அந்தச் சின்ன போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாவி டிஸ்க்கில் ஒளிந்திருந்தாலும், எந்த ஐசி பூட்டியது என்று தெரிந்தால்தான் திறக்க வழி தேட முடியும்.

அடாப்டர் பற்றிக் கடையில் தினமும் ஒரு சந்தேகம் வரும். "ஆம்பியர் அதிகமாக இருந்தால் எரிஞ்சிடுமா?" எரியாது. வோல்ட் சரியாக அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், சாமான் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும் டிஸ்க்குக்கு 12 வோல்ட் 5 ஆம்பியர் கொடுத்தால் ஒரு தவறும் இல்லை. 12 வோல்ட் 1 ஆம்பியர் ரௌட்டர் அடாப்டரைக் கொடுத்தால்தான் வம்பு. மோட்டார் கிளம்பும்போது கரண்ட் போதாமல் விழுந்து, மறுபடி கிளம்பி, மறுபடி விழும். அந்தச் சத்தம் கேட்டு டிஸ்க் போய்விட்டது என்று நினைப்பார்கள். வயதான அடாப்டரும் இதே வேலையைச் செய்யும். சும்மா அளந்தால் 12 காட்டும், சுமை ஏறினால் படுத்துவிடும். டிவிஆரில் (சிசிடிவி பதிவுப் பெட்டி) டிஸ்க் காட்டவில்லை என்று வருபவர்களுக்கு நான் முதலில் அடாப்டரைத்தான் மாற்றிப் பார்க்கிறேன்.

லேபிளில் நடுப்புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் வரைந்திருக்கும் படத்தையும் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் பிளஸ். சில பழைய இசைக் கீபோர்டு அடாப்டர்களில் நடுவில் மைனஸ் இருக்கும். வோல்ட் சரியாக இருந்தாலும் தலைகீழாகப் போகும்.

ஐயாவின் வீட்டில் இப்போது எல்லா அடாப்டரிலும் வெள்ளை டேப் ஒட்டி, எந்தச் சாமானுக்கு, எத்தனை வோல்ட் என்று மார்க்கரில் எழுதியிருக்கிறாராம், அழகான கையெழுத்தில். படங்கள் இரண்டு புது டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று அவரிடம், ஒன்று ஓசூரில் இருக்கும் மகள் வீட்டில். பழைய டிஸ்க்கில் புது டையோடு வைத்துக் கொடுத்தேன், சில ரூபாய்தான் அதன் விலை. பட்டைக்கோடு இருக்கும் முனை பிளஸ் பக்கம் வர வேண்டும், மாற்றி வைத்தால் மறுபடி ஷார்ட். ஆனால் அந்த டிஸ்க்கில் இனிப் புதிதாக எதையும் எழுத வேண்டாம், மூன்றாவது பிரதியாக அலமாரியில் கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் டிஸ்க்குக்கு இப்படி ஆகி, ஈயக்கோல் (சால்டரிங் அயர்ன்) பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால், கழற்றாமல் அப்படியே எடுத்துப் போங்கள். வாரண்டி இருந்தால் கம்பெனி டிஸ்க்கைத்தான் மாற்றித் தரும், டேட்டாவைத் தராது என்பதையும் முன்கூட்டியே நினைவில் வையுங்கள். கடைக்காரர் அதை உங்கள் எதிரிலேயே நேராகக் கணினியில் மாட்டப் போனால் தடுத்து, முதலில் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். தவறாகச் சொருகிய அந்த அடாப்டரையும் கூடவே கொண்டுபோங்கள். வீட்டில் கிடக்கும் வேறொன்றைக் காட்டி "இதேதான்" என்று சொல்லிவிடாதீர்கள். 19 வோல்ட் போனதா, 24 போனதா, பிளஸ் மைனஸ் மாறியதா என்பதைப் பொறுத்துத்தான் எந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குவது என்று நாங்கள் முடிவு செய்கிறோம்.